தற்காப்பு உரிமை: நிஜாம் நாட்டில் அன்று, நம் காலனியில் இன்று



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது, கோல்கொண்டாவைப் பற்றியோ சார்மினாரைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். அதற்குள் வேறொரு காரியம் நேர்ந்தது. நம் காலனியில் அடுத்தடுத்துச் சில வீடுகளில் திருட்டு நடந்ததும், இராக்காவல் குழு அமைக்கக் கூட்டம் கூடியதும் நீங்கள் அறிந்ததே. அக்கூட்டத்தில் எழுந்த கேள்வி, "திருடன் அகப்பட்டால் என்ன செய்யலாம்?" என்பது. ஒருவர், "கையைக் காலை முறித்து விடலாம், சட்டம் இடம் கொடுக்கிறது" என்றார். மற்றொருவர், "தொட்டால் நம்மீதே வழக்கு வரும், கதவைத் தாழிட்டுக் கொண்டு உள்ளே இருப்பதே மேல்" என்றார். இருவர் கூறியதும் பிழை. ஆயினும் அன்று எழுந்து அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கட்டுரையின் முடிவில் கூறுவேன்.

நான் சட்டம் பயின்றவன் அல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரெயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். ஓய்வு நேரத்தில் பழைய நூல்களைப் புரட்டும் வழக்கம் மட்டும் உண்டு. அவ்வாறு அறிந்தவற்றை ஈண்டு முறைப்படுத்தித் தருகிறேன்.

முன்னோர் கண்ட நெறி

தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காத்தல் மனிதனுக்கு இயற்கை. நம் தமிழகத்தில் செங்கம், தருமபுரி வட்டாரங்களில் நடுகற்கள் பல நிற்கின்றன. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கவும், ஊரைக் காக்கவும் போரிட்டு மாண்ட வீரர்க்கு ஊரார் எடுத்த கற்கள் அவை. நாம் வாழும் இத்தெலுங்கு நாட்டிலும் அத்தகைய வீரக்கற்கள் உண்டு. காத்து நின்று மாண்டவனை ஊர் மறவாமல் போற்றியது என்பதற்கு அவை சாட்சி.

கொல்ல வருபவனை வடமொழி நூலார் 'ஆததாயி' என்றனர். அவன் குருவாயினும், முதியவனாயினும், அந்தணனாயினும், எதிர்த்துக் கொல்லலாம் என்பது மனுவின் விதி. இசுலாமியச் சட்டத்தின் ஹனபி மரபில் இன்னும் நுட்பமான பாகுபாடு ஒன்று காணப்படுகிறது. வாளை ஓங்கி வருபவனை எந்நேரத்திலும் எவ்விடத்திலும் கொன்று தப்பலாம். ஆனால் ஒருவன் தடியை ஓங்கி வந்தால், அது இரவா பகலா, ஊருக்குள்ளா ஊருக்கு வெளியிலா என்று பார்க்க வேண்டும். பகலில் ஊருக்குள் என்றால், கூவினால் உதவிக்கு ஆள் வரும். ஆகவே கொல்லுதல் கூடாது. இரவிலோ, ஊருக்கு வெளியிலோ என்றால் உதவி எட்டாது. ஆகவே கொன்றவன்மேல் பழியில்லை.

யூதர்களின் பழைய வேதத்திலும் இத்தகைய விதி ஒன்று உண்டு. இருளில் கன்னமிடும் கள்வன் அடிபட்டு இறந்தால் பழியில்லை. பொழுது விடிந்தபின் கொன்றால் பழி உண்டு. ஒன்றையொன்று அறியாத நாடுகள் பலவும் இரவு என்னும் ஒரு நிலையைத் தனியே பிரித்து வைத்தன. உதவி எட்டுமா, எட்டாதா என்பதே அதன் உட்பொருள். இக்கேள்வியை நினைவில் இருத்திக் கொள்ளுங்கள். இக்கட்டுரை முழுவதும் அது நம்முடன் வரும்.

ஒரே ஊரில் மூன்று ஆட்சி

இனி நாம் வாழும் ஊருக்கு வருவோம். 1798ஆம் ஆண்டிலும் 1800ஆம் ஆண்டிலும் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனியாருடன் உடன்படிக்கைகள் செய்துகொண்டார். அவற்றின்படி கம்பெனியின் படை ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே பாளையம் இறங்கியது. மூன்றாம் நிஜாமாகிய ஸிக்கந்தர் ஜாவின் பெயரால் அப்பாளையத்திற்குச் செகந்திராபாத் என்னும் பெயர் 1806இல் ஏற்பட்டது. அங்கு வந்த பட்டாளங்களில் சென்னைப் படையினர் மிகுதி. சிப்பாய்களும், அவர்களுக்குத் தவசம் விற்ற வணிகரும், கணக்கெழுதும் பிள்ளைமாருமாகத் தமிழர் இந்நகரில் குடியேறிய வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது.

நிலம் நிஜாமுடையது, அதிகாரமோ ஆங்கிலேயருடையது. செகந்திராபாத்திலும், கோட்டியிலிருந்த ரெஸிடென்ஸி மாளிகையைச் சூழ்ந்த கடைவீதிகளிலும் ஆங்கில இந்தியாவின் தண்டனைச் சட்டமே நடைபெற்றது. ரெஸிடெண்டே உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைச் செலுத்தினார். ஏரியின் தென்கரையிலுள்ள நகரிலோ நிஜாமின் நீதிமன்றங்கள் இருந்தன. அவை முதலில் இசுலாமியச் சட்டத்தை அனுசரித்தன. 1853 முதல் 1883 வரை திவானாக இருந்த முதலாம் ஸாலார் ஜங் ஆட்சித் துறைகளைத் திருத்தியமைத்தார். பிற்காலத்தில் ஐதராபாத் தண்டனைச் சட்டம் என்று தனித் தொகுப்பே ஏற்பட்டது. கருத்தளவில் அது ஆங்கில இந்தியத் தொகுப்பைப் பெரிதும் தழுவியது. ஆனால் பிரிவுகளின் எண்கள் வேறு. கொலைக் குற்றத்திற்கு அங்கே 302 என்றால் இங்கே 243.

மூன்றாவது ஆட்சி நம் துறையைச் சார்ந்தது. 1874இல் வாடியிலிருந்து செகந்திராபாத் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பாதை ஓடும் நிலத்தின்மீது சில அதிகாரங்களை நிஜாம் ஆங்கிலேயருக்கு விட்டுக் கொடுத்தார். ஆகவே ஸ்டேஷன் நடைமேடையில் நிற்கும்வரை ஒரு சட்டம், வெளியே வந்து ஜட்காவில் ஏறியதும் வேறொரு சட்டம் என்று ஆயிற்று. நாணயமும் அப்படித்தான், நகரில் ஹாலி ரூபாய் ஏழு கொடுத்தால் ஆங்கில ரூபாய் ஏறத்தாழ ஆறு கிடைக்கும். அக்காலத்துக் குமாஸ்தாக்கள் இரண்டு நாணயத்திற்கும் இரண்டு சட்டத்திற்கும் கணக்கு வைத்திருந்தனர் என்று எண்ணும்போது, நம் இன்றைய வேலை எளிதென்றே தோன்றுகிறது.

மெக்காலே வகுத்த பதினொரு பிரிவுகள்

1834இல் சென்னைத் துறையில் வந்திறங்கிய மெக்காலே, 1837இல் தண்டனைச் சட்டத்தின் நகலை முடித்தளித்தார். அது 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் 96 முதல் 106 வரையுள்ள பதினொரு பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. இந்நாட்டு மக்கள் கொள்ளைக்காரருக்கு மிகவும் பணிந்து போகின்றனர், அவர்களுக்குச் சட்டம் தைரியம் ஊட்ட வேண்டும் என்பது அந்நகலை எழுதியோரின் எண்ணம். ஆகவே உரிமையைத் தாராளமாகவே வகுத்தனர்.

என் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும், என் பொருளை மட்டுமன்றிப் பிறர் பொருளையும் காக்க எனக்கு உரிமை உண்டு. உயிர் போகும், அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தாலும், ஒரு பெண்ணைக் கற்பழிக்கவோ ஒருவரைக் கடத்தவோ முயன்றாலும், தாக்குபவன் உயிரிழக்கும் அளவுக்கும் எதிர்க்கலாம். அதிகாரிகளை அணுக வழியில்லாதபடி ஒருவனை அடைத்து வைக்கத் தாக்கினாலும் அவ்வாறே. பொருளைக் காப்பதில் கொள்ளை, இரவில் கன்னமிடுதல், வீட்டுக்குத் தீ வைத்தல் ஆகியவற்றிற்கு அவ்வுரிமை உயிர்வரை செல்லும். வெறும் திருட்டாயின், உயிருக்கோ உறுப்புக்கோ அச்சம் இருந்தாலன்றி, கொல்லுதல் ஆகாது.

இவ்வளவு கொடுத்த சட்டம் மூன்று வேலிகளையும் போட்டது. அரசு அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை. காப்பதற்கு வேண்டிய அளவுக்கு மேல் காயம் செய்தல் கூடாது. அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்கும். அச்சம் தீர்ந்ததும் உரிமையும் தீரும். ஹனபி நூலார் கேட்ட அதே கேள்வி, உதவி எட்டுமா என்பது, மெக்காலேயின் சட்டத்திலும் நுழைந்திருப்பதைக் காண்க.

கோபம் கொண்டு நிற்பவனுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்க இயலுமா என்று நீங்கள் கேட்கலாம். நீதிமன்றங்களும் அதை அறியும். தாக்கப்படுபவன் பொன் நிறுக்கும் தராசில் வைத்து அடியை அளக்க முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. கோழையைப்போல் ஓடிப்போக வேண்டும் என்றும் சட்டம் எதிர்பார்க்கவில்லை. நல்லெண்ணத்தோடு காக்கப் புகுந்தவன், பழிவாங்கும் கருத்தின்றி, அளவு மீறிக் கொன்றுவிட்டால், அது கொலைக் குற்றம் என்னும் நிலையிலிருந்து ஒரு படி இறங்கும்.

ஸ்டேஷனில் நடந்த கைது

அரசனின் பலப்பிரயோகத்திற்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டிய வழக்கொன்று நம் இருப்புப்பாதையிலேயே எழுந்தது. சிம்லா மாஜிஸ்திரேட் ஒருவர் பிறப்பித்த வாரண்டைக் கொண்டு, நிஜாமின் பிரஜை ஒருவரை, நிஜாம் நாட்டிலுள்ள ரெயில்வே நிலத்தில் வைத்துப் போலீசார் கைது செய்தனர். அவர்மேல் சாட்டிய குற்றத்திற்கும் ரெயில்வேக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1897இல் தீர்ப்பு வந்தது. நிஜாம் விட்டுக் கொடுத்தது ரெயில்வே நிர்வாகத்திற்கு வேண்டிய அதிகாரத்தை மட்டுமே. அதைக் கொண்டு, ரெயில்வேயைச் சாராத குற்றத்திற்காக ஒருவரை அந்நிலத்தில் பிடித்தது செல்லாது என்று முடிவாயிற்று.

தண்டவாளத்தின் மேல் நின்றாலும், சட்டம் அனுமதித்த காரியத்திற்கன்றிப் போலீசார் கை ஓங்குதல் ஆகாது என்பது இதன் பொருள். அவர் அங்கேயே கைகலந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு தம் பதவியின் பெயரால் செய்யும் செயல் சற்றே சட்டத்திற்கு மாறுபட்டிருந்தாலும், உயிருக்கோ உறுப்புக்கோ அச்சமில்லையெனில், அவரை எதிர்த்துத் தாக்க உரிமையில்லை என்கிறது 99ஆம் பிரிவு. அப்பிரஜை நீதிமன்றத்தை நாடினார்; வென்றார்.

வாளும் துப்பாக்கியும்

சட்டம் ஒன்றுபோல் இருந்தாலும் கையிலுள்ள ஆயுதம் வேறுபட்டால் நடப்பும் வேறுபடும். 1878இல் ஆங்கில இந்தியாவில் ஆயுதச் சட்டம் வந்து, அனுமதிச் சீட்டின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று. ஐதராபாத் நகரிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரபியரும், ரோஹில்லாக்களும், ஜாகீர்தாரர்களின் பரிவாரங்களும் வாளும் கட்டாரியும் இடையில் செருகித் தெருவில் உலாவினர். ஏரியின் ஒரு கரையில் வெறுங்கை, மறுகரையில் வாள்!

இதைப்போன்ற வேறுபாடு ஒன்று இன்றும் நம் அண்டை மாநிலத்தில் உண்டு. குடகு நாட்டில் கொடவர்களுக்கும், ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் 1861 முதல் ஆயுத அனுமதியிலிருந்து விலக்கு இருந்து வருகிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஆயினும் துப்பாக்கி வைத்திருக்க விலக்கு உண்டே தவிர, அதைக் கொண்டு சுட விலக்கு இல்லை. சுட்டது தற்காப்பா என்ற கேள்விக்குக் கொடவரும் மற்றவரைப் போலவே விடை கூற வேண்டும்.

கடலூரும் புதுச்சேரியும்

நிஜாம் நாட்டில்தான் இப்படி என்று எண்ண வேண்டா. நம் தமிழகத்திலேயே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பதினைந்து மைல் தொலைவுகூட இல்லை. கடலூரில் மெக்காலேயின் சட்டம். புதுச்சேரியில் 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம். பிரெஞ்சுக் கிராமங்களும் ஆங்கிலக் கிராமங்களும் கோத்துக் கிடந்தமையால், வரப்பு ஒன்றைத் தாண்டினால் சட்டம் மாறியது. பிரெஞ்சுச் சட்டம் பதினொரு பிரிவுகளில் விரித்துரைக்கவில்லை. தன்னையோ பிறரையோ காக்கும் உடனடித் தேவையால் செய்தது குற்றமன்று எனச் சுருங்கக் கூறிற்று. அதனோடு, குடியிருக்கும் வீட்டின் சுவரேறியோ வேலி தகர்த்தோ இரவில் நுழைபவனை எதிர்ப்பது அத்தேவையில் அடங்கும் என்றும் சேர்த்தது. அங்கும் அதே இரவு! 1954இல் புதுச்சேரி இந்திய ஆட்சிக்கு வந்தது. 1963இல் இந்தியத் தண்டனைச் சட்டம் அங்கும் பரவியது.

உதவி எட்டாத காலம்

நம் நகரின் வரலாற்றில் ஓர் இருண்ட பகுதியை இங்கே கூறாமல் விட இயலாது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது நிஜாம் தனித்து நிற்க முயன்றார். காசிம் ரஜ்வியின் தலைமையில் ரஜாக்கர் படை ஊர்களில் புகுந்தது. உதவிக்கு யாரைக் கூவுவது? அரசின் போலீசே தாக்குவோருக்குத் துணை நின்ற ஊர்களில், அதிகாரிகளை நாடுக என்னும் விதிக்கு என்ன பொருள்? இன்று சித்திப்பேட்டை மாவட்டத்திலுள்ள பைரான்பள்ளி என்னும் சிற்றூரார் தங்கள் ஊர்க் கொத்தளத்தின் மேலேறி நின்று போராடினர். 1948 ஆகஸ்டு 27ஆம் நாள் ரஜாக்கர்களும் நிஜாமின் படையினரும் ஊரைத் தாக்கினர், பலர் மாண்டனர். அக்கொத்தளம் அவர்களுக்கு நடுகல்லாகவே நிற்கிறது.

அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படை நுழைந்தது. 17ஆம் நாள் நிஜாமின் படை பணிந்தது. அச்சம் தீர்ந்தது. சட்டத்தின்படி தற்காப்பு உரிமையும் அன்றே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. அதன்பின், முக்கியமாக மராத்தி பேசும் மாவட்டங்களில், ரஜாக்கர்களோடு சம்பந்தமே இல்லாத முசுலிம்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். மத்திய அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு, இறந்தோர் தொகை 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று கணித்தது. அவர்களும் கூவினார்கள், அவர்களுக்கும் உதவி எட்டவில்லை. காக்க எடுத்த கை பழிவாங்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

ஒரே சட்டம்

1951 ஏப்ரல் முதல் நாள், இந்தியத் தண்டனைச் சட்டம் ஐதராபாத் இராச்சியத்திற்கும் விரிந்தது. அத்துடன் 243 போய் 302 வந்தது. காஷ்மீரில் மட்டும் ரண்பீர் தண்டனைச் சட்டம் என்னும் தனித் தொகுப்பு 2019 அக்டோபர் வரை நீடித்தது. பின்னர் 2024 ஜூலை முதல் நாள், மெக்காலேயின் தொகுப்பே விலக்கப்பட்டு, பாரதிய நியாய சம்ஹிதை வந்தது. தற்காப்பைப் பற்றிய அதே பதினொரு பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரை உள்ளன. பொருள் பெரும்பாலும் மாறவில்லை. உயிர் போமளவு எதிர்க்கலாம் என்ற இனங்களில், திராவக வீச்சு 2013இல் சேர்ந்தது, அதுவும் தொடர்கிறது.

ஆகவே, இன்று சென்னையில் ஒரு சட்டம், ஐதராபாத்தில் ஒரு சட்டம் என்பது இல்லை. அமெரிக்காவில் இன்றும் அவ்வேறுபாடு உண்டு. நம் காலனிப் பிள்ளைகள் பலர் அங்கே பணி புரிவதால் இதை அறிந்திருத்தல் நலம். புளோரிடா மாநிலத்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையோடு நிற்கும் இடத்தில் தாக்கப்பட்டவன் பின்வாங்க வேண்டியதில்லை. நியூயார்க்கிலோ, வீட்டுக்கு வெளியே, முழுப் பாதுகாப்புடன் விலகிச் செல்ல வழியிருந்தால், உயிர்கொல்லும் ஆயுதத்தை எடுக்குமுன் விலகிச் செல்ல வேண்டும். டெக்ஸாஸில் இரவுத் திருட்டைத் தடுக்கச் சில நிபந்தனைகளோடு துப்பாக்கியையும் சட்டம் அனுமதிக்கிறது. நம் நாட்டில் பிரஜைகள் வரப்பைத் தாண்டியபோது நேர்ந்த குழப்பம், அங்கே மாநில எல்லையைக் காரில் கடக்கும்போது நேர்கிறது.

போலீசாருக்குத் தனி உரிமை உண்டா என்று சிலர் கேட்கின்றனர். கைது செய்யவும் கூட்டத்தைக் கலைக்கவும் வேண்டிய பலத்தைப் பயன்படுத்த அவர்களுக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. தற்காப்பு என்று வரும்போதோ, அவர்களுக்கும் நமக்கும் உரிமை ஒன்றே. 1997இல் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து வந்த முறையீடுகளை ஆராய்ந்தபின் தேசிய மனித உரிமை ஆணையம் இதைத் தெளிவாக்கியது. போலீஸ் மோதலில் ஒருவர் இறந்தால் வழக்குப் பதிவும் சுதந்திரமான விசாரணையும் வேண்டும் என 2014இல் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது.

நான் கண்ட இரவு

இனி, முதலில் கூறுவதாகச் சொன்ன காரியத்திற்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ரெயில்வே குடியிருப்பில் நான் வாழ்ந்தபோது, ஓரிரவு இரண்டு மணியளவில் அடுத்த வரிசையிலிருந்து கூக்குரல் கேட்டது. ஓடிப் போனோம். பின்கட்டுக் கதவை நெம்பி ஒருவன் உள்ளே புகுந்திருந்தான். வீட்டுக்காரர் வழிமறிக்கவே, கையிலிருந்த இரும்புக் கம்பியை ஓங்கினான். வீட்டுக்காரர் அருகிலிருந்த உலக்கையால் அவன் தோளில் அடித்தார். கம்பி கீழே விழுந்தது. அந்த அடி முழுமையும் நியாயம். அதைக் குறித்து எந்த நீதிமன்றமும் அவரைக் குறை கூறியிராது.

பிறகு நடந்ததே தவறு. அவனை விளக்குக் கம்பத்தில் கட்டினோம். கட்டியபின் அடிக்கத் தொடங்கினோம். போலீசுக்குச் சொல்லி அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்டேஷன் அரை மைல் தூரத்தில்தான் இருந்தது. நானும் இரண்டு அடி அடித்தேன். அவன் என்மேல் கை ஓங்கவில்லை. என் வீட்டில் ஒரு துரும்பையும் எடுக்கவில்லை. எல்லோரும் அடித்தனர், நானும் அடித்தேன், அவ்வளவே. விடிந்து ஏட்டு வந்தபோது அவன் வலக்கை முறிந்து தொங்கியது. "யார் முறித்தது?" என்று ஏட்டு கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. கம்பத்திலிருந்து அவிழ்த்தபோது அவன் தண்ணீர் கேட்டான். முதல் ஆளாக ஓடிக் கொண்டுவந்து கொடுத்தவர், அவன் புகுந்த வீட்டு அம்மாளே.

கம்பி கீழே விழுந்த கணத்தில் எங்கள் உரிமை முடிந்துவிட்டது என்பதைப் பின்னாளில் சட்டநூலைப் படித்தபோது அறிந்தேன். எலும்பு முறிவு சட்டத்தில் கொடுங்காயம். ஏழாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ஆனால் அவன் ஓங்கிய கையும், கட்டுண்ட கையும் ஒன்றல்ல என்பதை அறியச் சட்டநூல் வேண்டியதில்லை. எனக்கு அது அன்றே தெரிந்திருந்தது. கூட்டத்தில் எழுந்து பேச நான் தயங்கியதன் காரணம் இதுவே.

இராக்காவலர்க்குச் சில சொற்கள்

நம் இராக்காவல் குழு நல்ல முயற்சி. அதற்கு என் பெயரையும் கொடுத்துள்ளேன். குழுவினர் மனத்தில் கொள்ள வேண்டியவை சிலவே. வீட்டிற்குள் புகுந்து தாக்க வருபவனை எதிர்க்க அஞ்ச வேண்டா. பக்கத்து வீட்டாரைக் காக்கவும் நமக்கு உரிமை உண்டு. அவன் ஆயுதத்தைப் போட்டுவிட்டாலோ, பிடிபட்டுவிட்டாலோ, அதன்பின் ஓர் அடியும் தற்காப்பு ஆகாது. நம் கண்முன் ஜாமீனில் விட முடியாத பெருங்குற்றம் செய்தவனைப் பிடித்து வைக்கச் சட்டம் நமக்கு அனுமதி தருகிறது. ஆனால் தாமதமின்றி, ஆறு மணி நேரத்திற்குள், போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும். தொலைபேசி ஒவ்வொருவர் பையிலும் இருக்கும் இக்காலத்தில், உதவி எட்டவில்லை என்று கூறுதல் கடினம். 112 என்னும் எண்ணை முதலில் அழுத்துங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ கூடி, இனம், சாதி, பிறந்த இடம், மொழி முதலியவற்றைக் காரணமாகக் கொண்டு ஒருவரைக் கொன்றால், புதிய சட்டத்தில் அதற்குத் தனிப்பிரிவே இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கும். பிறந்த இடமும் மொழியும் அதில் சொல்லப்பட்டிருப்பதைப் படித்தபோது, பிற மாநிலத்தில் வாழும் தமிழனாகிய நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன்பின் அறியாத ஊரில், மொழி புரியாத கூட்டத்தின் நடுவே, கள்வன் என்ற பெயரால் ஒருவன் சிக்கக்கூடும். அவன் வேலை தேடி வந்த பீகாரியாகவோ ஒடியனாகவோ இருக்கலாம். வேறோர் ஊரில் அவன் நம் பிள்ளையாகவும் இருக்கலாம். அவனுக்கு உதவி எட்ட வேண்டும் என்று நாம் வேண்டுவோம் அன்றோ? நம் காலனியில் அகப்படுபவனுக்கும் அவ்வுதவி எட்டும்படி செய்வது நம் கடமை.

நிஜாம் நாட்டில் சட்டம் ஏரிக்கு ஒன்றாக, தண்டவாளத்திற்கு ஒன்றாக இருந்தது. இன்று எல்லைக்கோடுகள் நீங்கிவிட்டன. ஒரே ஒரு கோடுதான் எஞ்சியுள்ளது. அது காத்தலுக்கும் பழிவாங்கலுக்கும் இடையே உள்ளது. இரவு எவ்வளவு இருண்டிருந்தாலும் அக்கோட்டை நாம் தாண்டாதிருப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!